ஆய்வுகூடத்துக்கு எதை முதலில் எடுத்தால் இரசாயனவியலில் பிள்ளைகளின் புள்ளி கூடும்?

துணுக்காய் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் வன்னியில், துணுக்காய் கல்வி வலயத்துப் பாடசாலை ஒன்றுக்காகக் கேட்கிறேன். சாதாரண தர விஞ்ஞானமும் உயர்தர இரசாயனவியலும் நடக்கிறது. தரம் 11 இல் 34 பேர், தரம் 12 இல் 14 பேர். ஆய்வுகூடக் கட்டடம், மேசை, அலுமாரி எல்லாம் திருத்தமாக உண்டு. உள்ளே இருப்பதுதான் குறைவு: அளவி (பியூரெற்று) 2, குழாயி (பிப்பெற்று) 3 (ஒன்றின் நுனி உடைந்தது), சோதனைக்குழாய் 40 வரை, 0.1 கிராம் தராசு ஒன்று, செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் அரைப்போத்தல், கட்டிபட்டுப்போன சோடியம் ஐதரொட்சைட்டு, வெள்ளி நைத்திரேற்று 10 கிராம். குழாயில் தண்ணி எல்லா நாளும் வராது.

பழைய மாணவர் சங்கம் ஒரு தொகை தர முன்வந்திருக்கிறது. அவர்களுக்கு எறிகருவியும் பெரிய திரையும் வாங்கித் தர விருப்பம். ஆசிரியர்கள் கண்ணாடிச் சாமான் கேட்கிறார்கள். இரண்டுக்கும் காசு காணாது.

எனக்குத் தெரியவேண்டியது இரண்டு. எந்த வளம் உண்மையில் பிள்ளைகளின் அடைவை மாற்றும்? மாறியதை அடுத்த தவணையில் எப்படிக் காட்டலாம்? “சாமான் வந்தது, பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தார்கள்” என்று அறிக்கை எழுதுவது எவருக்கும் இலகு. அது எனக்குப் போதாது.

கனமானக் குடுவை:

வணக்கம் ரீச்சர். கடைக்குப் போக முன்னம் போன தவணை விடைத்தாள்களை எடுங்கள். புள்ளி எங்கே போனது என்று கேள்வி கேள்வியாக மூன்று நிரலில் குறியுங்கள்: அவதானம் (நிறம், வீழ்படிவு, வாயு), துணிக்கை (அணு, மூலக்கூறு, அயன்) மட்ட விளக்கம், குறியீடும் கணிப்பும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஜோன்ஸ்டன் 1991 இல் விளக்கியதும் இந்த மூன்றைத்தான். பாடம் மூன்று மட்டத்திலும் ஒரே நேரத்தில் ஓடுகிறது, புதிதாகப் படிக்கிற பிள்ளையின் வேலைநினைவு அத்தனையையும் ஒன்றாகத் தாங்காது. எந்த நிரலில் புள்ளி அதிகம் போகிறதோ அதற்குரிய சாமானை முதலில் எடுங்கள். அவதானத்தில் போனால் சிற்றளவுப் பரிசோதனைப் பொருட்கள். துணிக்கையில் போனால் மாதிரிகளும் உருவகப்படுத்தலும். கணிப்பில் போனால் தராசு, அத்தோடு பிள்ளை தன் கையால் எடுத்த அளவீடு.

உயர்தரத்தில் இரசாயனவியலுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை. அதனால் செய்முறையை ஒதுக்கிவிட்டுக் கடந்தகால வினாத்தாள் செய்விக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் வினாத்தாள் II இன் அமைப்புக் கட்டுரைகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அளவியை எதனால் கழுவ வேண்டும், புனலை ஏன் எடுக்க வேண்டும், இந்தக் காட்டி (நிறம் மாறி முடிவைக் காட்டும் பொருள்) ஏன் பொருந்தாது என்ற மாதிரிக் கேள்விகளுக்கு, ஒருமுறையாவது கையால் செய்த பிள்ளை ஒரு வரியில் சரியாக எழுதும். பாடமாக்கிய பிள்ளை நாலு வரி எழுதிவிட்டுத் தவறவிடும்.

நியமிப்புக்கு (ஒரு கரைசலை மற்றதற்குள் அளந்து சேர்த்துச் செறிவைக் காண்பது) 34 பேருக்கு அளவி வாங்கிக் கட்டுப்படியாகாது. தரம் 11 க்கு 10 மி.லீ. சிறிஞ் போதும். சோடிக்கு இரண்டு, ஒன்றில் சிவப்பு நாடா (அமிலம்), மற்றதில் நீலம் (காரம்). ஊசி வேண்டாம், பெட்டியோடு அகற்றிவிடுங்கள். காரம் 10 மி.லீ. ஐ வெள்ளைத் தாளின் மேல் வைத்த சிறு கண்ணாடிப் போத்தலில் விட்டு, பினோத்தலின் காட்டி 2 துளி சேர்த்து, இளஞ்சிவப்பு மறையும் வரை (அதுதான் முடிவுப்புள்ளி) சிவப்புச் சிறிஞ்சால் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். லீற்றருக்கு 0.1 மூல் (பொருளின் அளவுக்கான அலகு) செறிவு இரண்டுக்கும் காணும். 17 சோடி, சோடிக்கு மூன்று தரம், 10 மி.லீ. படி 510 மி.லீ. கழுவலுக்கும் சிந்தலுக்கும் சேர்த்து ஒரு லீற்றர் தயாரியுங்கள்: சோடியம் ஐதரொட்சைட்டு 4 கிராம். அமிலத்துக்குச் செறிந்த போத்தலிலிருந்து 8.5 மி.லீ. அளவில் எடுத்து, முக்கால் லீற்றர் தண்ணிக்குள் ஊற்றி, பிறகு ஒரு லீற்றருக்கு நிரப்புங்கள். எப்போதும் தண்ணிக்குள்தான் அமிலம்.

பிழை வரும் இடங்கள்: தண்டை நேராக அழுத்தினால் றப்பர் ஒட்டி நின்று திடீரென்று பாயும், முடிவுப்புள்ளி தாண்டிவிடும். தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே அழுத்தினால் துளி துளியாக விழும். றப்பருக்குக் கீழே காற்றுக் குமிழி நின்றால் வாசிப்புப் பொய். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லீ. அதனால் 1 மி.லீ. சிறிஞ்சில் பிரிகோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஒரு துளியே 5 சதவீதப் பிழை. 10 மி.லீ. எடுத்தால் அது 0.5 சதவீதமாகக் குறையும். சிறிய சிறிஞ் வாங்கினால் இரசாயனம் மிச்சம் என்று நினைத்து 1 மி.லீ. க்குப் போக வேண்டாம்.

தரம் 12 க்கு 0.01 கிராம் வரை காட்டும் நகைத்தராசு ஒன்று எடுங்கள். அமிலம் நிரப்பிய சிறிஞ்சைத் தராசில் நிறுத்து, நியமித்து, மீண்டும் நிறுங்கள். ஐதான கரைசலில் 1 மி.லீ. ஏறக்குறைய 1 கிராம். பிரிகோடு வாசிக்கும் பிழை முழுதும் போய்விடும். என் அபிப்பிராயத்தில் உங்கள் பட்டியலில் முதலாவது இந்தத் தராசுதான், ஏனென்றால் மூல் அலகுக்கும் அதுவே உதவும். உப்பு 58.5 கிராம், சீனி 342 கிராம், இரும்பாணி 56 கிராம், தண்ணி 18 கிராம் என்று பிள்ளைகளே நிறுத்து நாலு பையில் கட்டி மேசையில் வைக்கட்டும். நாலிலும் ஒவ்வொரு மூல். சீனிப் பையைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு மூலர்த் திணிவு என்ற சொல்லுக்கு ஒரு பாரம் இருக்கும்.

சோடியம் ஐதரொட்சைட்டை நிறுத்துவிட்டு அதன் செறிவு சரியாக 0.1 என்று உயர்தரப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அது காற்றின் ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் எடுத்திருக்கும். நீரற்ற சோடியம் காபனேற்று 1.325 கிராமை 250 மி.லீ. ஆக்கினால் லீற்றருக்கு 0.05 மூல். அதில் 10 மி.லீ. க்கு மெதைல் செம்மஞ்சள் காட்டியுடன் 0.1 மூல் அமிலம் 10 மி.லீ. போகவேண்டும். அமிலத்தின் செறிவு அதிலிருந்து வரும், அந்த அமிலத்தால் காரத்தைப் பாருங்கள். அதே காபனேற்றைப் பினோத்தலினுடன் செய்வித்தால் 5 மி.லீ. இலேயே நிறம் போகும். ஏன் பாதி என்று பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள். இரட்டை முடிவுப்புள்ளிக் கணக்குக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

முருங்கன் ஆய்வுகூடம்:

ரீச்சர், சேர் சொன்னது சரி. ஆனா சாமான் வாங்கினாப் பிறகு அது ரெண்டு வருசம் இருக்கிறதோ ரெண்டு மாசத்தில பழுதாகிறதோ எண்டது அலுமாரியிலதான் இருக்கு. எங்கட வெக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாக் கவனிக்கோணும்.

முதல் உங்கட அலுமாரியத் திறந்து போத்தல் கழுத்துகளப் பாருங்கோ. வெள்ளை மாப் போலப் படிஞ்சிருந்தா ஐதரோகுளோரிக் அமிலமும் அமோனியாவும் ஒரே அலுமாரியில இருக்குது எண்டு அர்த்தம். ரெண்டின்ர ஆவியும் சேந்து அமோனியம் குளோரைட்டாப் படியுது. அமில ஆவி தராசின்ர உலோகத்தையும் கவ்வியையும் தின்னும், லேபிளையும் அழிக்கும். அமிலத்தக் கீழ்த்தட்டில பிளாஸ்ரிக் தட்டத்துக்குள்ள வையுங்கோ, அமோனியாவ வேற அலுமாரிக்குக் கொண்டு போங்கோ, தராசு ஆய்வுகூட அலுமாரியிலயே வேண்டாம். லேபிள பென்சிலால எழுதி மேல தெளிவான நாடா ஒட்டினா அழியாது.

கட்டிபட்ட சோடியம் ஐதரொட்சைட்ட எறிய வேண்டாம். உடைச்சுக் கரைச்சு, செறிவப் பாத்து, சுவாலைச் சோதனைக்கும் சவர்க்காரம் செய்யிறதுக்கும் பாவிக்கலாம். உடைக்கேக்க கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். புதுசு வாங்கினா 500 கிராம் போத்தல் ஒண்டுக்குப் பதிலா 100 கிராம் அஞ்சு எடுங்கோ. ஒண்டத் திறந்தா மற்ற நாலும் தப்பும். கரைசல பிளாஸ்ரிக் போத்தலில வையுங்கோ. கண்ணாடி மூடி போட்ட போத்தலில வச்சா மூடி இறுகிப் பிறகு திறக்கேலாது.

ஐதரசன் பேரொட்சைட்டு வெக்கையில தானாப் பிரியும். பாமசியில சின்னப் போத்தலா, பாடம் நடக்கிற கிழமைக்கே வாங்குங்கோ. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் வெளிச்சத்தில கறுக்கும், கபிலப் போத்தல் இல்லாட்டிக் கறுத்தத் தாள் சுத்துங்கோ.

இனித் தண்ணி. இதுதான் வன்னியில பாதிப் பரிசோதனையக் கெடுக்கிறது. கிணத்துத் தண்ணியில சோடியம் ஐதரொட்சைட்டக் கரைச்சா வெள்ளையாக் கலங்கும், அது தண்ணியில இருக்கிற கல்சியமும் மக்னீசியமும். வெள்ளி நைத்திரேற்று விட்டா வெறும் கிணத்துத் தண்ணியே வெள்ளை வீழ்படிவு தரும், அதிலயே குளோரைட்டு இருக்கு. அப்ப பிள்ளை எல்லாக் கரைசலிலயும் குளோரைட்டு எண்டு எழுதும். பிள்ளையில பிழையில்ல.

காய்ச்சி வடிச்ச தண்ணி இல்லாட்டி மாரிமழைத் தண்ணி நல்லது. முதல் ரெண்டு மூண்டு மழை கூரையக் கழுவிப் போகட்டும், அதுக்குப் பிறகு பிடிச்சு, துணியால வடிச்சு, மூடின கானில வையுங்கோ. ஆர்.ஓ. தண்ணி (மெசினில வடிகட்டின குடிதண்ணி) நியமிப்புக்குக் காணும், அயன் சோதனைக்கு எல்லா இடத்து ஆர்.ஓ. தண்ணியும் காணாது. பாவிக்க முன்னம் 5 மி.லீ. எடுத்து வெள்ளி நைத்திரேற்று ரெண்டு துளி விடுங்கோ. கலங்காட்டிப் பாவியுங்கோ.

பினோத்தலின் 0.1 கிராம், எதனோல் 60 மி.லீ., தண்ணி விட்டு 100 மி.லீ. முதல் எதனோலில கரைக்கோணும், நேரத் தண்ணியில போட்டாக் கரையாது. அது முடிஞ்சா மஞ்சள் சாறு உதவும், பி.எச். 8 பக்கத்தில மஞ்சளில இருந்து செம்மண் நிறத்துக்கு மாறும். செவ்வரத்தம்பூச் சாறு அமிலம், காரம் காட்ட நல்ல வடிவு, ஆனா நிறம் படிப்படியா மாறுறதால முடிவுப்புள்ளிக்குச் சரிவராது.

மூலர்:

சிறிஞ்சையும் தராசையும் மறுக்கவில்லை. ஒரு பயம் மட்டும் சொல்கிறேன். உயர்தர வினாவில் வருவது அளவி. பிள்ளை அளவியைத் தொடாமல் சிறிஞ்சோடு நின்றால் பிறையுருவின் (வளைந்த நீர்மட்டத்தின்) அடியை வாசிப்பது, நுனிக் குமிழியை வெளியேற்றுவது, குடுவையை நீரால் மட்டும் கழுவுவது எதுவும் கைக்கு வராது. படத்தில் 0 மேலே இருப்பதையே சிலர் கவனிப்பதில்லை.

கனமானக் குடுவை:

நியாயமான பயம். அதற்கு உங்களிடம் இருக்கும் 2 அளவி போதும் ரீச்சர். இரட்டைப் பாடவேளை 80 நிமிடம். 14 பேரில் நாலு பேர் இரண்டு அளவியில், மற்றவர்கள் நிறுத்துச் செய்யும் சிறிஞ் முறையில். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் ஒரே வேளையில் எல்லோரும் அளவிக்கு வந்துவிடுவார்கள். அளவியில் நிற்கும்போது முழு நியமிப்பு வேண்டாம். கரைசலால் கழுவி, நிரப்பி, புனலை எடுத்து, குமிழியை வெளியேற்றி, வாசித்து, 10 மி.லீ. வரை இறக்கி, மறுபடி வாசித்தால் போதும். வாசிப்பு இரண்டு தசம தானத்தில் எழுதப்பட வேண்டும், கடைசி இலக்கம் 0 அல்லது 5. கடும் ஊதா நிறமான பரமங்கனேற்று வரும்போது மட்டும் மேல்விளிம்பை வாசிக்கச் சொல்லுங்கள், அடி தெரியாது.

தாக்கவீதத்துக்கும் ஒரு குறிப்பு. தயோசல்பேற்றுப் பரிசோதனையைப் பாடநூல் அளவில் செய்தால் வகுப்புக்குக் காணாது. லீற்றருக்கு 0.2 மூல் கரைசல் 300 மி.லீ. தயாரியுங்கள் (நீரேறிய பளிங்கு 15 கிராம்). ஒரே அளவான சிறு போத்தல் ஐந்தில் 5, 4, 3, 2, 1 மி.லீ. விட்டு, தண்ணி 0 முதல் 4 மி.லீ. வரை சேர்த்து எல்லாவற்றையும் 5 ஆக்குங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் லீற்றருக்கு 1 மூல் அமிலம் 1 மி.லீ. அடியில் பென்சில் குறுக்குக்கோடு. போத்தலும் மொத்தக் கனவளவும் மாறக்கூடாது, கோடு மறைவது கரைசலின் ஆழத்தையும் பொறுத்தது. நேரத்தின் நிகர்மாறை செறிவுக்கு எதிரே வரைந்தால் நேர்கோட்டை ஒட்டி வரும். மத்தியானம் 33 பாகையில் எடுத்த வாசிப்பைக் காலை வாசிப்போடு ஒரே வரைபில் போடாதீர்கள். கந்தகவீரொட்சைட்டு வரும், யன்னல் திறந்திருக்க வேண்டும், இழுப்பு உள்ள பிள்ளை வாசல் பக்கம் நின்று நேரம் எடுக்கட்டும்.

வெள்ளி நைத்திரேற்று 10 கிராம் உங்களிடம் பெரிய சொத்து. தெளிவான பிளாஸ்ரிக் உறைக்குள் பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாள் வைத்து, அதன் மேல் துளியோடு துளி சேர்த்துச் செய்யுங்கள். சோதனைக்குழாயில் 1 மி.லீ. படி மூன்று ஏலைட்டுக்கும் (குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு) 17 சோடிக்கு 51 மி.லீ. போகும். துளியில் 3 மி.லீ. கூடப் போகாது. வெள்ளைக்கும் மென்மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு கறுப்புத் தாளில் தெளிவாகத் தெரியும்.

வவுனியா ஆலோசகர்:

எறிகருவியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே, அதனால் சொல்கிறேன்.

ஏப்ரகாம்சும் மில்லரும் 2008 இல் இங்கிலாந்தில் 25 விஞ்ஞானப் பாடவேளைகளைப் பார்த்து எழுதிய ஆய்வு, செய்முறையை நம்புகிற எங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதைச் செய்து, எதிர்பார்த்ததைக் காண்கிறார்கள். கண்டதை விஞ்ஞானக் கருத்தோடு சேர்த்துச் சிந்திப்பது மிகக் குறைவு, ஏனென்றால் பாடவேளை முழுவதும் செய்வதிலேயே போய்விடுகிறது. எறிகருவி வந்தாலும் இதேதான் நடக்கும். காணொளி ஓடும், பிள்ளை பார்க்கும், மணி அடிக்கும்.

ஆகவே எந்த வளமாக இருந்தாலும் அதற்கு முன் ஐந்து நிமிடம், பின் பத்து நிமிடம் எழுத்துக்கு ஒதுக்குங்கள். முன்: என்ன நடக்கும், ஏன் என்று எதிர்வுகூறி எழுதுவது. பின்: கண்டதைத் துணிக்கைப் படமாகவும் சமன்பாடாகவும் மாற்றுவது. தாக்கவீதத் தொடரை (உலோகங்களைத் தாக்கும் திறனின்படி வரிசைப்படுத்தியது) எடுங்கள். அலுமினியத் தாளைச் செப்பு சல்பேற்றுக் கரைசலில் போட்டால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். எதிர்வுகூறல் எழுதாத வகுப்பு “அலுமினியம் செம்பிலும் தாக்கம் குறைந்தது” என்று முடிவெடுத்துவிட்டுப் போகும். எதிர்வுகூறல் எழுதிய வகுப்பு ஏன் என்று கேட்கும். அப்போது ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். குளோரைட்டு அயன் ஒட்சைட்டுப் படலத்தை உடைக்க, செம்பு படியத் தொடங்கும், சூடும் வரும். மக்னீசியம் நாடாவையும் உரத்தாளால் தேய்க்காமல் போட்டால் இதே குழப்பம்.

துணிக்கை மட்டத்துக்கு மடிக்கணினி ஒன்றும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் இலவச ‘பெற்’ உருவகப்படுத்தல்களும் போதும். ஒருமுறை தரவிறக்கினால் இணையம் இல்லாமலும் ஓடும். முடிவு திரையில் வர முன்னம் நிறுத்திக் கேட்க வேண்டும். மூலக்கூற்று வடிவத்துக்கு அதுகூட வேண்டாம். ஒரே அளவு பலூன் நாலை நடுவில் முடிந்தால் தானாக நான்முகி வரும். தனிச்சோடிக்கு (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடி) சற்றுப் பெரிய பலூன் கட்டினால், மெதேனின் 109.5 பாகை அமோனியாவில் 107, நீரில் 104.5 ஆகக் குறைவது ஏன் என்று கையில் விளங்கும். எறிகருவிக்குக் காசு கடைசியில் மிஞ்சினால் எடுங்கள்.

இனி, மாற்றத்தைக் காட்டுவது. ஒரு வகுப்புக்கு வளம், மற்ற வகுப்புக்கு இல்லை என்று பிரிப்பது பிள்ளைகளுக்கு அநியாயம், ஆய்வுக்கும் பலவீனம். தரம் 11 ஐ 17 பேர் கொண்ட இரு குழுவாக்குங்கள். அமிலமும் காரமும் பாடத்தில் குழு ஒன்று சிற்றளவுச் செய்முறையோடு, குழு இரண்டு ஆசிரியர் செய்துகாட்டலோடு. மின் இரசாயனத்தில் மாற்றிவிடுங்கள். இருவருக்கும் இரண்டும் கிடைக்கும், ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு தானே ஒப்பிடப்படும். ஒரே ஆசிரியர், ஒரே பாடவேளை எண்ணிக்கை. குழு பிரிக்கும்போது ரியூசனுக்குப் போகிறவர்கள் இரு பக்கமும் சமமாக வரவேண்டும், இல்லாவிட்டால் ரியூசனை அளந்துவிட்டு வளம் என்று எழுதுவீர்கள்.

முன்சோதனை, பின்சோதனை, நாலு கிழமைக்குப் பிறகு சொல்லாமல் ஒரு சோதனை. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். புதுச் சாமான் வந்த உற்சாகத்தில் பின்சோதனை எப்போதும் கொஞ்சம் ஏறும், நாலு கிழமைக்குப் பிறகு நிற்பதுதான் கணக்கு. புள்ளிகளைக் கனமானக் குடுவை சொன்ன மூன்று நிரலிலும் தனித்தனியே போடுங்கள். மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் அவதானத்தில் ஏறியதும் கணிப்பில் இறங்கியதும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

சிறிய வித்தியாசத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 30 பேர் கொண்ட இரு வகுப்பை ஒப்பிட்டு, புள்ளிகளின் நியம விலகல் (புள்ளிகள் இடையிலிருந்து சிதறும் அளவு) 15 என்றால், இடைகளின் (சராசரிகளின்) வித்தியாசத்துக்குரிய நியம வழுவே (தற்செயலால் வரும் ஆட்டம்) 4 வரை வரும். அதாவது 8 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். 17 பேரோடு இன்னும் மோசம். அதனால்தான் பிள்ளையைத் தன்னோடு ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன்.

துணுக்காய் ரீச்சர்:

மிக்க நன்றி சேர், எல்லோருக்கும். விடைத்தாள்களைப் பிரித்ததில் தரம் 11 க்குக் கணிப்பும் மின்பகுப்பும்தான் பள்ளம். மின்பகுப்பைச் சிற்றளவில் செய்விக்கலாமா? குளோரீன் வரும் என்பதால் யோசனையாக இருக்கிறது.

பரந்தன் சந்தி:

செய்விக்கலாம் ரீச்சர். வன்னிப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) குளோரீனும் எடுத்த இரசாயனத் தொழிற்சாலை பரந்தனில் 1950களில் தொடங்கி, 1980களில் யுத்தத்தால் நின்றது. தாத்தா, அப்பா அங்கே வேலைசெய்த வீடுகள் இன்னும் இருக்கின்றன.

சிறு யோகட் கோப்பையின் அடியில் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை, அதற்குள் பென்சில் காபன் கோல் இரண்டு, துளையைச் சுற்றி உருக்கிய மெழுகு. 25 மி.லீ. தண்ணியில் உப்பு 5 கிராம், பினோத்தலின் 2 துளி. 9 வோல்ற் பற்றரியை வெளியே இணையுங்கள். கதோட்டை (மறை முனைக் கோல்) சுற்றி உடனே இளஞ்சிவப்பு எழும், அனோட்டுக்கு (நேர் முனைக் கோல்) மேல் பிடித்த ஈரப் பாசிச்சாயத் (லிட்மஸ்) தாள் வெளிறும். இரண்டு நிமிடத்தில் பற்றரியைக் கழற்ற வேண்டும், கதவும் யன்னலும் திறந்திருக்க வேண்டும். ஒருவரும் முகத்தைக் கோப்பைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இவ்வளவுக்கு வரும் குளோரீன் மிகக் கொஞ்சம்.

உப்பை ஐதாக்கினால் அனோட்டில் ஒட்சிசன் கூடும், தாள் வெளிறாது. குறைத்துப் போடுவதால்தான் பல இடங்களில் “பரிசோதனை பிழைத்துவிட்டது”.

கரைசலை ஒருமுறை கலக்கிவிடச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பு மங்கிவிடும், குளோரீன் காரத்தோடு தாக்கி வெளிற்றும் பொருளாகிவிடுகிறது. கிடைத்த இரண்டு விளைவையும் பிரித்து வைக்க என்ன செய்யலாம் என்று அந்த இடத்தில் கேளுங்கள். உயர்தரத்தில் வரும் மென்சவ்வுக் கலம் (நடுவே மெல்லிய சவ்வு வைத்து இரு பக்கத்தையும் பிரித்த மின்பகுப்புக் கலம்) அந்தக் கேள்விக்குத்தான் விடை. இன்னொரு கோப்பையில் சுத்திகரித்த உப்புக்குப் பதிலாக உப்பளத்துக் கல்லுப்பைப் போடுங்கள். கதோட்டருகே வெண்கலங்கல் வரும், அது மக்னீசியம் ஐதரொட்சைட்டு. மென்சவ்வுக் கலத்துக்கு அனுப்ப முன்னம் உப்புக் கரைசலை ஏன் சுத்திகரிக்கிறார்கள் என்ற கேள்விக்கு, கோப்பையைப் பார்த்தே பிள்ளை எழுதும்.

துணுக்காய் ரீச்சர்:

விளங்கியது. தராசு, சிறிஞ் 40, காபனேற்று, 100 கிராம் ஐதரொட்சைட்டுப் போத்தல்கள், தயோசல்பேற்று, காட்டிகள், கண்ணாடிக் கவசம் என்று பட்டியல் போட்டுச் சங்கத்துக்குக் கொடுக்கிறேன். இரண்டு குழுவின் கேள்விகளையும் நாலாம் கிழமைச் சோதனையையும் பாடம் தொடங்க முன்னமே எழுதி வைத்துவிடுகிறேன்.

முருங்கன் ஆய்வுகூடம்:

பட்டியலில மூடி போட்ட வாளி ஒண்டும் பெரிய குவளை ஒண்டும் சேருங்கோ ரீச்சர். குழாய் வராத நாளில கண்ணிலயோ தோலிலயோ அமிலம் பட்டா 15 நிமிசம் கழுவத் தண்ணி வேணும், அந்த வாளி நிரம்பாம செய்முறை தொடங்கக் கூடாது. வெள்ளி வீழ்படிவுகளத் தொட்டியில ஊத்தாம ஒரு கபிலப் போத்தலில சேருங்கோ. மின்பகுப்புக் கரைசல நிறையத் தண்ணி விட்டு வெளியில ஊத்துங்கோ. அமில மிச்சத்தோட மட்டும் சேத்துப்போட வேண்டாம், திரும்பக் குளோரீன் வரும்.